அபேட்சகரின் பணப்பை

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் பெருவீதியிலே உள்ளது மருதனார்மடம். அவ்வழியே செல்வோரின் கண்ணை முதலிற் கவர்வது இராமநாதன் கல்லூரி. சைவப் பெண்பிள்ளைகளின் கல்விக்காகச் சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் நிறுவிய அக்கல்லூரிக்கும் இலங்கைச் சட்டசபைத் தேர்தல்களின் வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதனினும் நெருங்கிய தொடர்பு, தேர்தலுக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது என்னும் கேள்விக்கும் அவ்வூருக்கும் உண்டு.

இராமநாதன் கல்லூரியைத் தொடங்குதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1911ஆம் ஆண்டின் இறுதியிலே, சட்டநிரூபண சபைக்குப் 'படித்த இலங்கையர்' பிரதிநிதி ஒருவரைத் தெரிவு செய்யும் தேர்தல் நடைபெற்றது. அதுவரை அச்சபையிலே சுதேசிகளுக்குரிய ஆசனங்கள் தேசாதிபதியின் நியமனத்தாலேயே நிரப்பப்பட்டு வந்தன. இராமநாதனை எதிர்த்து நின்றவர் பெயர்பெற்ற வைத்தியரும் பெருஞ் செல்வருமான மார்க்கஸ் பெர்னாண்டோ. இராமநாதன் 1,645 வாக்குகளும் பெர்னாண்டோ 981 வாக்குகளும் பெற்றனர். நாடு முழுவதற்கும் வாக்குரிமை பெற்றிருந்தோர் மூவாயிரத்துக்குங் குறைவு. அவர்கள் ஆங்கிலக் கல்வியும் பொருளும் உடையோர். பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தோர். அத்தகைய தேர்தலிலே பெருங் கூட்டங் கூட்டவும் வண்டி பிடிக்கவும் தேவை மிகச் சிறிது. அபேட்சகரின் பெயரும் உறவும் சாதியுமே அங்கே செலவாணியாயின.

ஆயினும் இந்த நாட்டு மக்கள் பொதுக் காரியத்துக்குப் பணம் கொடுத்தறியாதவர் அல்லர். கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஊர்கூடிக் கொடுத்தே வந்தனர். 1927ஆம் ஆண்டு நவம்பரில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, கதர் நிதிக்கென்று ஊர்தோறும் பணமுடிப்புகள் அளிக்கப்பட்டன. அம்மாதம் 29ஆந் திகதி அவர் இராமநாதன் கல்லூரிக்கும் வந்து மாணவியரிடையே பேசினார். சதமும் ரூபாவுமாகச் சேர்த்துக் கொடுத்தற்கு அப்பிள்ளைகளுங்கூடத் தயங்கவில்லை. ஆனால் சட்டசபைக்கு ஒருவரை அனுப்புதற்காக ஊர் திரண்டு நிதி சேர்ப்பதென்பது அக்காலத்துப் பழக்கம் அன்று. தேர்தல் அபேட்சகருடைய சொந்தக் காரியமாகவே கருதப்பட்டது. அதன் செலவும் அவருடையதே. கொடையிலே கை தாராளமான ஒரு சமுதாயம் இதிலே மட்டும் கையை மடக்கிக்கொண்டது எதனால் என்று எண்ணிப் பார்த்தல் தகும். கோயிலுக்குக் கொடுப்பது தருமம். தேர்தலுக்குக் கொடுப்பதோ ஒருவருடைய பெருமைக்குப் பங்களிப்பது என்றே பலர் நினைத்திருத்தல் கூடும்.

டொனமூர் அரசியற்றிட்டம் 1931இல் நடைமுறைக்கு வந்தபோது இந்நிலை அடியோடு மாறிற்று. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் சொத்துக் கணக்கின்றி வாக்குரிமை பெற்றனர். 1924இல் ஏறத்தாழ இரண்டு இலட்சமாயிருந்த வாக்காளர் தொகை பதினைந்து இலட்சத்துக்கு மேல் உயர்ந்தது. அனைவர்க்கும் வாக்குரிமை என்பதை எதிர்த்து நின்ற இராமநாதன், அத்திட்டத்தின்படி நடந்த முதல் தேர்தலைக் காணாமலே 1930 நவம்பரிலே காலமானார்.

அந்த முதல் அரசாங்க சபைத் தேர்தலிலே குடாநாட்டில் ஒரு சதமுஞ் செலவாகவில்லை என்றே கூறலாம். பூரண சுயராச்சியம் தராத அரசியற்றிட்டம் வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்காரத்துக்கு அறைகூவிற்று. ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் முன்னின்றனர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. தென்னிலங்கையிலே தேர்தல் நடந்து மந்திரிமார் பதவியேற்றனர். யாழ்ப்பாணத்து ஆசனங்களோ வெறுமையாய்க் கிடந்தன.

1934இல் பகிஷ்காரம் கைவிடப்பட்டு இடைத்தேர்தல்கள் நடைபெற்றன. யாழ்ப்பாணத்தில் அ. மகாதேவா, ஊர்காவற்றுறையில் நெவின்ஸ் செல்வதுரை, பருத்தித்துறையில் ஜீ. ஜீ. பொன்னம்பலம், காங்கேசன்துறையில் சு. நடேசன் ஆகியோர் தெரிவாயினர். மகாதேவா சேர். பொன்னம்பலம் அருணாசலத்தின் புதல்வர். நடேசன் இராமநாதனின் மருமகர், பரமேசுவராக் கல்லூரி அதிபர். நால்வரும் கற்றவர், அவர்களிடையே வறியவர் எவரும் இலர். வாக்குரிமை குடிசைவரை சென்றது. வேட்பாளராகும் வசதி மட்டும் கல்வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

அதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. எழுத்தறியாதாரும் வாக்களிக்க வேண்டுமாதலால் அரசாங்க சபைத் தேர்தல்களிலே ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒரு நிறம் குறிக்கப்பட்டது. அந்நிறப் பெட்டியிலே வாக்குச்சீட்டை இடுதல் வழக்கம். தம் நிறத்தை ஆயிரக்கணக்கானோர் மனத்திலே பதிப்பதற்கு அபேட்சகர் துண்டுப்பிரசுரமும் கொடியும் கூட்டமும் நாடவேண்டியதாயிற்று. வாக்களிப்புத் தினத்திலோ மோட்டார் வண்டியே அரசன். முதியோரையும் பெண்களையும் வாக்குச்சாவடிக்கு ஏற்றி இறக்க வண்டி எத்தனை என்பதே பேச்சு. அத்துடன் 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் ஒரே நாளில் நடைபெறாது, ஆகஸ்டு பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை பல நாட்களாகப் பகுத்து நடத்தப்பட்டது. ஒரு தொகுதியிலே ஓடிய வண்டி மறுநாள் அடுத்த தொகுதிக்குப் போகலாம். வண்டியுடைய நண்பர் பலரைப் பெற்றவர்க்கு இதைவிட நல்வாய்ப்பு வேறு என்ன வேண்டும்?

சட்டம் இதனை அறியாமலில்லை. 1883இலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் தேர்தற் செலவுக்கு எல்லை வகுத்து, செலவெல்லாம் ஒரு முகவர் வழியே நடந்து கணக்குக் காட்டப்படல் வேண்டும் என விதித்திருந்தது. அவ்வழியைப் பின்பற்றி இலங்கைக்கென 1946இல் வந்த தேர்தற் கட்டளை, ஓர் அபேட்சகர் 5,000 ரூபா, அல்லது வாக்காளர் ஒருவர்க்கு 20 சதம், இவற்றுள் எது பெரிதோ அதற்குமேற் செலவிடலாகாது என்றது. நாற்பதாயிரம் வாக்காளர் உள்ள தொகுதியில் அஃது 8,000 ரூபா. வாக்காளர்க்கு உணவும் குடியும் அளித்து உபசரித்தலும் குற்றமாயிற்று. வாக்கு எட்டிலொரு பங்குக்குக் குறைந்தாற் கட்டுப்பணம் பறிபோகும். எழுத்தளவிலே குறையில்லை. எனினும் நண்பர் இரவல் தந்த வண்டியின் பெற்றோலை எந்தக் கணக்கிலே எழுதுவது?

காங்கேசன்துறையில் 1947இல் வென்ற சா. ஜே. வே. செல்வநாயகம், 1952இல் நடேசனிடம் தோல்வியுற்று, 1956இல் மீண்டும் வென்றார். சிவில் வழக்குகளிலே புகழ்பெற்ற வழக்கறிஞரான அவர் தம் தொழில் வருவாயைக் கட்சிக்கும் 'சுதந்திரன்' பத்திரிகைக்கும் ஈந்தவர். கட்சி தோன்றிய பின்னரும் தலைவரின் பை மூடப்படவில்லை என்பதற்கு இதுவே சான்று.

1959இல் வந்த திருத்தச் சட்டமே வண்டிகளின் ஆட்சிக்கு முடிவு கட்டியது. வாக்காளரைத் தனியார் வாகனங்களில் ஏற்றிச் செல்லல் தடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத் தேர்தல் நாடு முழுவதும் ஒரே நாளிலே நடைபெற்றது. செலவெல்லையை மட்டும் எண்ணித் தொட்ட சட்டம் செய்ய முடியாததை, வண்டியை நிறுத்திய சட்டம் பெருமளவு செய்தது.

பின்னர் 1981இல் இயற்றப்பட்ட பாராளுமன்ற, சனாதிபதித் தேர்தற் சட்டங்களிலே செலவெல்லை இடம்பெறாது போயிற்று. அதனுடன் விருப்புவாக்கு முறையும் வந்து சேர்ந்து, ஒரே கட்சி அபேட்சகர்கள் தம்முள்ளே போட்டியிட்டுச் செலவழிக்கும் காலம் தொடங்கிற்று. வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் நடந்த முதல் தேர்தலும் அவ்வகைக் கட்டுப்பாடு இல்லாமலே நடந்தேறியது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தற் செலவு ஒழுங்குபடுத்தற் சட்டம் எல்லையை மீட்டுக் கொணர்ந்தது. 2024ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலிலே வாக்காளர் ஒருவர்க்கு 109 ரூபா என்று தேர்தல் ஆணைக்குழு வரையறுத்தது. 1946இல் அஃது 20 சதம். முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் அபேட்சகர் தாம் பெற்ற நிதியையும் செய்த செலவையும் கணக்காக ஒப்புவித்தல் வேண்டும். யார் கொடுத்தார் என்பதை அபேட்சகரின் வாயிலிருந்தே அறிய இவ்வூர் மக்களுக்கு அதனால் வழி பிறந்தது.