எக்ஸ்மோடம்

எக்ஸ்மோடம் என்பது தொலைபேசி வழியாகவோ நேரடிக் கம்பி வழியாகவோ இரு கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்பும் எளிய நெறிமுறை. சிகாகோவைச் சேர்ந்த வார்ட் கிறிஸ்டென்சன் 1977-இல் சிபி/எம் இயங்குதளத்துக்கு எழுதிய ‘மோடம்’ என்ற நிரலே இதன் தொடக்கம். யாரும் எடுத்தாளலாம் என்று அவர் அதைப் பொதுவில் விட்டதால்தான் வெவ்வேறு கணினிகளுக்கு ஏற்ற வடிவங்கள் விரைவில் பெருகின.

8 அங்குல நெகிழ்வட்டில் சிபி/எம்முக்குப் பொதுவான பதிவுமுறை ஒன்று இருந்தது. 5¼ அங்குல வட்டு வந்தபின் ஒவ்வொரு நிறுவனமும் தன்போக்கில் பதிந்தது. ஆஸ்பார்ன் 1 (1981) கணினி எழுதிய வட்டைக் கேப்ரோ II (1982) அப்படியே படிக்காது. ஆனால் இரண்டிலும் சீரியல் போர்ட் இருந்ததால், எக்ஸ்மோடம் வழியே கோப்பை அனுப்ப முடிந்தது. வட்டுகள் பிரித்த கணினிகளை ஒரு கம்பி சேர்த்தது.

கோப்பு 128 பைட் துண்டுகளாகப் போகும். சிபி/எம் கோப்பைக் கையாளும் அளவும் அதுவே. ஒவ்வொரு துண்டுடனும் தொடக்கக் குறி, வரிசை எண், அந்த எண்ணின் 0-களும் 1-களும் மாறிய வடிவம், கூட்டல் சரிபார்ப்பு என 4 பைட்டுகள் சேரும். முதலில் பேசுவது பெறும் கணினி. துண்டு சரியாக வந்தால் அது ஏற்புக் குறி அனுப்பும், பிசகினால் மறுப்புக் குறி. மறுத்தால் அதே துண்டு மீண்டும் வரும். கூட்டல் சரிபார்ப்பில் சில பிழைகள் நழுவியதால் 16 பிட் சுழற்சிச் சரிபார்ப்பு பின்னர் சேர்க்கப்பட்டது.

கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் 1978 பிப்ரவரி 16 அன்று சிகாகோவில் தொடங்கிய சிபிபிஎஸ், தொலைபேசியில் அழைத்துப் பயன்படுத்தும் முதல் பொது அறிவிப்புப் பலகை. பின்வந்த இத்தகைய பலகைகளில் கோப்புப் பரிமாற்றத்துக்கு எக்ஸ்மோடமே வழக்கமானது. ஆனால் 7 பிட் மட்டுமே கடத்தும் இணைப்புகளில் இது செல்லாது. அக்குறையைத் தீர்த்தது, 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான கெர்மிட்.

இன்று பழைய கணினிகளை உயிர்ப்பிப்போர் முதலில் முட்டிக்கொள்ளும் சிக்கல்: எக்ஸ்மோடம் நிரலே இல்லாத கணினிக்குள் அதை எப்படிக் கொண்டுசெல்வது? விடை சிபி/எம்மிலேயே இருக்கிறது. அதன் ‘பிப்’ என்ற நகலெடுக்கும் நிரல் சீரியல் போர்ட்டில் வரும் எழுத்துகளைக் கோப்பாகச் சேமிக்கும். நிரலைப் பதினாறடிமான எண்களாக, வெறும் உரையாக, இன்றைய கணினியிலிருந்து மெதுவாக அனுப்பினால் போதும். ‘லோட்’ கட்டளை அதை ஓடும் நிரலாக மாற்றிவிடும். வெளியிலிருந்து ஒரு வட்டுகூட இல்லாமல் இந்த ஏற்பாடு நடந்துவிடும். அதன்பின் எந்தக் கோப்பையும் எக்ஸ்மோடம் சரிபார்த்தே கொண்டுவரும். எதிர்முனைக்குத் தனி மென்பொருள் தேடவும் வேண்டாம்: டெரா டெர்ம் போன்ற இன்றைய டெர்மினல் நிரல்களில் எக்ஸ்மோடம் இன்னும் இருக்கிறது.