அக்கரையில் இருந்த அயல்நாட்டு எல்லை

தீபாவளிக்கு முந்திய வாரம் லிட்டில் இந்தியாவில் நிற்க இடம் கிடைக்காது. லெபோ பாசாரில் புடவையும் முறுக்குமாவும் வாங்க வருகிறவர்களில் கணிசமானோர் அக்கரையிலிருந்து வருகிறவர்கள். பிறை, புக்கிட் மெர்தாஜம், சுங்கை பாக்காப், நிபோங் திபால் என்று ஊர்ப் பெயர்கள் காதில் விழும். 'செபராங்' என்ற மலாய்ச் சொல்லுக்கே அக்கரை என்றுதான் பொருள். அந்த அக்கரை ஒரு காலத்தில் இரண்டு அரசுகளுக்கு இடைப்பட்ட அனைத்துலக எல்லைப் பகுதி என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1786-ல் பிரான்சிஸ் லைட் கைப்பற்றியது தீவை மட்டும்தான். எதிர்க்கரை கெடா சுல்தானிடமே இருந்தது. 1791-ல் தீவை மீட்கச் சுல்தான் பிறையில்தான் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கினார். எதிர்க்கரை பிறர் கையில் இருக்கும்வரை துறைமுகத்துக்கு நிம்மதி இல்லை என்பது கம்பெனிக்குப் புரிந்துவிட்டது. 1800-ல் ஜார்ஜ் லீத் ஒப்பந்தம் போட்டு, வடக்கே மூடா ஆறு முதல் தெற்கே கிரியான் ஆறு வரை ஒரு கடற்கரைத் துண்டை வாங்கினார். அகலம் 60 ஓர்லோங். இன்றைய கணக்கில் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். கவர்னர் ஜெனரலின் பெயரால் அது வெல்லெஸ்லி மாநிலம் ஆயிற்று. தீவுக்கும் துண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 டாலர் என்று பேச்சு. அதே எண்ணிக்கையை இன்று ரிங்கிட்டாக லெபோ பினாங்கு நகைக்கடையில் நீட்டினால் ஒரு நல்ல தாலிக்கொடி தேறாது!

1821-ல் சயாமியப் படை கெடாவுக்குள் புகுந்தது. சுல்தான் பினாங்குக்கு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மலாய்க் குடியானவர்கள் வந்து இந்தத் துண்டு நிலத்தில் காடு வெட்டி வயல் போட்டார்கள். செபராங் பிறையின் கம்பங்கள் பலவற்றில் இன்று வாழ்கிறவர்கள் அந்த அகதிகளின் சந்ததியினர். 1826-ல் பர்னி ஒப்பந்தத்தின் மூலம் கெடா மீது சயாமின் பிடியை ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்டனர். 1831-ல் லிகோர் ஆளுநருடன் உடன்படிக்கை செய்து, எல்லை எந்த ஆற்றின் வழியே, எந்தக் குன்றின் மேல் போகிறது என்று எழுதி, செங்கல் தூண்கள் எழுப்ப ஒப்புக்கொண்டார்கள். கோடு மெர்தாஜம் குன்றின் மீதும் போயிற்று.

அதே குன்றின் அடிவாரத்தில், இன்று செயிண்ட் ஆன் தேவாலயம் இருக்கும் வளாகத்தில், பல்லவ எழுத்தில் சமஸ்கிருத வாசகம் பொறித்த பழங்காலப் பாறை ஒன்று இருக்கிறது. கர்னல் ஜேம்ஸ் லோ 1845-ல் அதைக் கண்டறிந்தார். கடாரத்துக்கும் நமக்கும் கடல் வழியே இருந்த தொடர்பு எந்தத் தூணுக்கும் முந்தியது.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். தெற்கே பத்து காவான், புக்கிட் தம்புன் பக்கம் கரும்பு போட்டவர்கள் முதலில் தியோச்சூ சீனர்கள். 1840-களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் இறங்கினார்கள். வேலைக்கு ஆள்? நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிக் கொண்டுவந்த தமிழர்கள். மலாயாவின் தோட்டத் தமிழர் வரலாறு ரப்பரில் தொடங்கியதாகவே பலரும் நினைக்கிறார்கள். இந்தக் கரையில் அது கரும்பில் தொடங்கிய வரலாறு.

இங்கேதான் இன்னொரு கோடு குறுக்கே வந்தது. 1867 ஏப்ரல் 1 வரை பினாங்கு இந்திய அரசின் ஆட்சிக்குள் இருந்தது. அன்று அது லண்டன் காலனி அமைச்சின் கைக்கு மாறியது. கரும்பு வெட்டிக் கொண்டிருந்த தொழிலாளி ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் அவர் நின்ற மண் ஒரே நாளில் இந்திய அரசுக்கு வெளியே போய்விட்டது. இந்த மாற்றத்தால் ஆள் அனுப்புவதே சட்டவிரோதம் என்பது 1870-ல்தான் அதிகாரிகளுக்கு உறைத்தது. ஆள் வரவு தடைப்பட, துரைமார்கள் மனுப் போட்டார்கள். 1872-ல் சட்டம் வளைந்து கொடுத்தது. அடுத்த ஆண்டே மலாகாஃப் தோட்டத்தில் தமிழர்கள் அடிபட்டதும் மாண்டதும் விசாரணைக்கு வந்தன. ஒப்பந்தக் கூலி தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம். ஆனால் எல்லைத் தூணுக்கு அப்பால் பிரிட்டிஷ் போலீசின் அதிகாரம் செல்லாது. அந்தத் தூண் ஒரு தொழிலாளியின் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1874 பங்கோர் ஒப்பந்தத்தின்போது தெற்கு எல்லை கிரியான் ஆற்றைத் தாண்டி நகர்ந்தது. 1909 பாங்காக் ஒப்பந்தத்தில் சயாம் கெடாவைப் பிரிட்டனிடம் விட்டுக்கொடுத்தது. அத்தோடு அனைத்துலக எல்லை மாநில எல்லையாகச் சுருங்கியது. இன்று நிபோங் திபாலிலிருந்து சிறிது தூரம் போனால் கெடாவின் பண்டார் பாரு. ஆற்றுக்கு மறுகரையில் பேராக்கின் பாரிட் புந்தார். கடவுச்சீட்டும் கேட்பாரில்லை.

ஆனாலும் பழைய பேச்சு ஓயவில்லை. பினாங்கு கெடாவுக்கே சொந்தம் என்று 2023-ல் கெடா மந்திரி பெசார் மறுபடியும் குரல் எழுப்பினார். கூட்டரசு அரசியலமைப்பின் 2-ஆம் விதிப்படி, ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்ற அந்த மாநிலத்தின் சட்டமன்றமும் ஆட்சியாளர் மன்றமும் இசைய வேண்டும். எனவே அச்சப்பட ஒன்றுமில்லை. எனக்கு உறுத்துவது வேறு. இந்த வாதத்தில் இரு தரப்பும் சுல்தானையும் லைட்டையும் மட்டுமே சாட்சிக்கு அழைக்கின்றன. 2020 கணக்கெடுப்பில் தீவைவிட அதிக மக்கள் வாழ்வது செபராங் பிறையில். அந்த மண்ணைத் திருத்திய மலாய் அகதியும் தியோச்சூ விவசாயியும் தமிழ்க் கூலியும் அந்த வாதத்தில் எங்கே?

நிபோங் திபால் வட்டாரத்தில் டிரான்ஸ்கிரியான் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று ஒரு பள்ளி உண்டு. பெயரைப் பிரித்துப் பாருங்கள்: கிரியானுக்கு அப்பால். 1874-ல் ஆற்றைத் தாண்டிச் சேர்த்த நிலத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது.