டூரிங் எல்லைக்கு அப்பாற்பட்ட கணிப்பு

டூரிங் யந்திரத்தால் தீர்க்க இயலாத வினாக்களையும் தீர்க்கவல்லனவாகக் கற்பிக்கப்படும் கணித மாதிரிகள் மீக்கணிப்பு மாதிரிகள் எனப்படும். நாடாவின் கட்டங்களில் குறிகளை எழுதியும் அழித்தும் நகரும் யந்திரத்தை 1936இல் வகுத்த ஆலன் டூரிங், அதற்கு எட்டாத வினாக்கள் உண்டென்பதையும் உடன் நிரூபித்தார். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது என்றேனும் நிற்குமா, முடிவின்றி ஓடுமா என்று சொல்லவல்ல பொதுமுறை இல்லை என்பது அவ்வகையில் மிகப் பிரசித்தமானது. அவ்வெல்லைக்கு அப்பால் முதலில் நோக்கியவரும், போத்தனூரில் பிறந்த தாய்க்கும் சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த தந்தைக்கும் மகனான அவரே. 1939இல் வெளியான ஆய்வில், வினவியதற்குத் தவறாது விடை பகரும் அசரீரி போன்ற 'ஆரக்கிள்' ஒன்றை யந்திரத்தோடு இணைத்த டூரிங், அதன் இயல்பைப் பற்றி, அது யந்திரமாக இருக்க முடியாது என்பதற்கு மேல் ஏதும் சொல்லவில்லை. அத்தகைய யந்திரமும் தன் இனத்து யந்திரங்கள் நிற்குமா என்பதைத் தீர்மானிக்க இயலாததால், தீராமையிலும் படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றன.

வேறொரு மாதிரி காலத்தைச் சுருக்குவது. முதற்படிக்கு ஒரு வினாடி, அடுத்ததற்கு அரை, பின் கால் என வேகம் பெருகினால், இரண்டே வினாடிகளில் அனந்தமான படிகள் முடிந்து, நிரல் நின்றதா என்பது தெரிந்துவிடும்.

சென்னைக்கு இத்துறையோடு உள்ள உறவு உயிரியல் வழியாக வந்தது. டாம் ஹெட் 1987இல் வகுத்த டி.என்.ஏ. வெட்டியொட்டும் முறையை, சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் ராணி சிரோமணி தம் சகாக்களுடன் வட்ட இழைகளில் வைத்து ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார். ருமேனியரான கியோர்கே பவுன் 1998இல் முன்வைத்த, உயிரணுவின் சவ்வுகளுக்குள் பொருள்கள் விதிப்படி மாறும் சவ்வுக் கணிப்பை, சென்னை ஐ.ஐ.டி.யில் கமலா கிருத்திவாசனும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்தனர். நாடாவும் அதில் எழுதும் தலையும் இல்லாத இந்த விநோத அமைப்புகள், தக்க விதிகள் சேர்ந்தால், டூரிங் யந்திரத்துக்குச் சரிநிகராகின்றன, மேற்செல்வதில்லை. வடிவம் இவ்வளவு மாறியும் சக்தி மாறாததே, டூரிங் கண்ட வரம்பு நாடாவின் குறையன்று என்பதற்கு நான் அறிந்த மிக வலிய சாட்சியம். உள்ளே செல்லச்செல்லச் சவ்வு சிறுத்து வேகம் பெருகும் என்று கொண்டு, கலுடேயும் பவுனும் 2004இல் அவ்வரம்பைத் தாண்டிக் காட்டினர். அங்கும் தாண்டுவித்தது சவ்வன்று, அனந்த வேகமே.

நரம்பு வலைப்பின்னலின் எடைகளில் முடிவிலாத் தசமங்களை அனுமதித்த ஹவா சீகல்மனின் மாதிரியும் இவ்வகையினதே. கணிக்கவொண்ணாததை உள்ளீடாக வைத்துவிட்டு அதையே விளைவாகப் பெறுகிறார்கள் என்று மார்ட்டின் டேவிஸ் கண்டித்தார். அது நியாயமான கண்டனம். மேலும், இத்தகைய கருவி ஒன்று கைக்கு வந்தாலும், அது எத்தனை விடைகள் தந்தபோதிலும் அவ்விடைகளின் எண்ணிக்கை வரம்புள்ளதாகவே இருக்குமாதலால், அவற்றை முன்கூட்டியே அட்டவணையாகத் தாங்கிய சாதாரண யந்திரத்திலிருந்து அதைப் பிரித்தறியச் சோதனையால் இயலாது.