இடமும் காலமும் களவும்

கோவலனைக் கண்ட பாண்டியனின் காவலர், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்கினர். அப்போது பொற்கொல்லன் அவர்களுக்குக் களவு நூல் உரைத்தான். கள்வர் துணைக்கொள்வன என அவன் அடுக்கிய எட்டனுள் இடமும் காலமும் உண்டு. சிலப்பதிகாரம் கற்பிக்கும்போதெல்லாம் நாம் இவ்விரண்டிலும் சற்றே நின்றுவிடுவது வழக்கம். திருடியது யார் என்பதற்கு முன், எந்த இடமும் எந்தக் காலமும் அவனைத் திருட வைத்தன என்று வினவ வேண்டாமா?

நம் திருவள்ளூர் வழியே சென்ற இருப்புப்பாதையிலிருந்தே தொடங்கலாம். கடற்கரை உப்பை உள்நாட்டுக்கும், அங்கிருந்து தானியத்தைத் திரும்பவும் பொதிமாடுகளிலும் கழுதைகளிலும் சுமந்து விற்றவர்கள் குறவர்கள். தெலுங்கு நாட்டில் அவர்களுக்கு எருகலர் என்று பெயர். 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னகத்தின் முதல் இரயில் ஓடியது. பாதைகள் பெருகப் பெருக, பொதிமாட்டு வணிகம் நலிந்தது. 1876-78 பஞ்சம் எஞ்சியதையும் பறித்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திற்குப் பின் மேய்ச்சலுக்கும் மூங்கிலுக்கும் காட்டினுள் செல்வதும் எளிதாயில்லை.

பிழைப்பை இழந்து அலைந்தோரை அரசு எவ்வாறு நோக்கியது? 1871இல் வட இந்தியாவில் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தம் பெற்றுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. களவு பிறப்பிலேயே வருவது என்று முடிவு கட்டி, கைரேகை பதிந்து, குடியேற்றங்களில் அடைத்தனர். இங்கு 1947இலும், நாடு முழுமைக்கும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. பழி மட்டும் இன்றும் முற்றிலும் நீங்கவில்லை.

பிறப்பைப் பழித்தது பிழை என்பதைச் சிகாகோ நகரம் காட்டிற்று. கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே ஆகிய இருவரும் 1942இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆலைகளை ஒட்டிய வறிய பகுதிகளில் குடியிருந்த இனத்தார் மாறிக்கொண்டே இருந்தனர். இளையோர் குற்றமோ அங்கேயே மிகுந்து நின்றது. வெளியேறி நல்ல பகுதிகளில் குடியமர்ந்தோரின் பிள்ளைகளிடம் அது குறைந்தது. குற்றம் குருதியில் ஓடவில்லை. வறுமையிலும் நிலையற்ற வாழ்விலும் வேர்கொண்டிருந்தது.

இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றி நோக்குங்கள். வரிசை வரிசையாய் வாடகை அறைகள். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்ல, பகலெல்லாம் பூட்டிய கதவுகள். அண்டை அறையில் யார் என்று அறியாத வாழ்க்கை. திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்திருந்த பாட்டிமார் காவலும் அங்கில்லை. பூட்டு உடைந்தால் முதலில் எழும் ஐயம், வேற்றுமொழி பேசும் தொழிலாளி மீதே. எங்கள் பள்ளிப்பட்டிலும் இத்தகைய பேச்சைக் கேட்டிருக்கிறோம். 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. இங்கு யார் உள்ளூர், யார் வெளியூர் என்று பிரிப்பது எளிதன்று.

களவை நாம் நியாயப்படுத்தவில்லை. பொருளை இழந்தவரின் துயர் பெரிது. இழப்பவரும் பெரும்பாலும் எளியவரே. ஆயினும், மதுரையில் சிலம்பைத் திருடியவன் ஊரறிந்த பொற்கொல்லன். வெட்டுண்டவன் ஊருக்குப் புதியவன். அடுத்த முறை அயலான் ஒருவனை நோக்கி நம் விரல் நீளும்போது இதனை நினைவில் கொள்வோமாக.