மான் வேட்டைக் குறிப்பேடு வந்த வழி

1892ஆம் ஆண்டு லண்டனில் ஆர். எச். போர்ட்டர் என்ற பதிப்பாளர் ஒரு புத்தகம் வெளியிட்டார். தென்னிந்திய வேட்டைப் பதிவுகள் என்று அதன் தலைப்பைச் சொல்லலாம். எழுதிய ஜெனரல் டக்ளஸ் ஹாமில்டன் அச்சில் அதைப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு ஜனவரியிலேயே இறந்துவிட்டார். அவர் 1844 முதல் 1870 வரை ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் அலைந்தபோது எழுதிவைத்த நாட்குறிப்புகளைத் தொகுத்தவர் அவருடைய சகோதரர் எட்வர்ட். தனக்கென்று ஒருவர் எழுதிய ஏடு, எழுதியவர் போன பிறகு ஊர் படிக்கிற புத்தகமானது. தென்னாட்டு மலைகளில் மான் வேட்டைக் குறிப்பேடு கடந்துவந்த பாதையைச் சொல்ல இதுவே நல்ல தொடக்கம்.

அந்தக் காலத்து மதராஸ் படை அதிகாரிகளுக்கு விடுமுறை என்றால் வேட்டை. பகலில் நடை, இரவில் கூடாரத்தில் விளக்கடியில் எழுத்து. எழுதும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான்: தேதி, முகாம், கூட வந்தவர், சுட்டது, தப்பியது. கடமான் விழுந்தால் அளவு நாடா வெளியே வரும். கொம்பின் அடிவளையத்தில் நாடாவின் முனையை வைத்து, வெளிவளைவை ஒட்டியே நுனிவரை கொண்டுபோய், எத்தனை அங்குலம் என்று பார்ப்பார்கள். பிறகு முதல் கவருக்கு மேலே கொம்பின் சுற்றளவு. இடது, வலது இரண்டும் தனித்தனியே. கடமானுக்குப் பொதுவாக ஒரு பக்கத்துக்கு மூன்று முனை. அதிகமிருந்தால் அதற்குத் தனியாக ஒரு வரி.

இந்த எழுத்துக்குப் பின்னால் இன்னொரு அறிவு இருந்தது. குளம்புத் தடம் இன்று விழுந்ததா, நேற்றையதா? மான் மேய்ந்துகொண்டு போனதா, மிரண்டு ஓடியதா? புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? இதையெல்லாம் படிக்கத் தெரிந்தவர்கள் காடர், மலசர், முதுவர், இருளர், குறும்பர், பளியர். அவர்கள் வாயால் சொன்னதைத்தான் துரைமார் மையால் எழுதினார்கள். புத்தக அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. ஆனால் அந்தக் காலத்து வேட்டைக் குறிப்பு எதை எடுத்தாலும் அதில் பாதி அவர்களுடைய சொத்து என்று நினைத்தே படிக்க வேண்டும்.

ஹாமில்டனுக்குத் துப்பாக்கியோடு பென்சிலும் பழக்கம். வெள்ளைக்காரர்களுக்கான உடல்நல வாழிடம் அமைக்கத் தகுந்த மலைகள் எவை என்று பார்த்து வரைந்துவரும் பணியை மதராஸ் அரசு அவருக்குக் கொடுத்தது. 1862இல் சேர்வராயன், 1864இல் பழனி, 1866இல் ஆனைமலை என்று படங்களோடு அறிக்கைகள் வந்தன. கொடைக்கானலுக்கு அப்பால் பேரிஜம் ஏரிப்பக்கம் ‘ஃபோர்ட் ஹாமில்டன்’ என்ற இடம் அவர் பெயரை இன்றும் சுமக்கிறது.

அவர் எழுதத் தொடங்கிய ஆண்டைக் கவனியுங்கள். யூகலிப்டஸ் நீலகிரிக்கு வந்தது 1843இல். கொடைக்கானல் உருவானது 1845இல். சிங்கோனா தோட்டம் 1860இல். தேயிலையும் சீகை மரமும் அதையொட்டிப் பரவின. புல்வெளியும் சோலையும் மட்டுமே இருந்த மலைமுகடுகள் தோட்டமாக மாறிய அதே இருபத்தைந்து ஆண்டுகளை ஒரு மனிதர் மலைமேல் நின்று எழுதியும் வரைந்தும் வைத்திருக்கிறார். மான் எங்கே மேய்ந்தது என்று அவர் எழுதிய வரி, அங்கே அன்று புல் இருந்தது என்பதற்கும் சாட்சி. கொம்பின் அங்குலம் அவருக்குப் பெருமை. நமக்கு வேண்டியது அந்தப் புல்.

வேட்டை பெருகியது, மான் குறைந்தது. குறைவதை முதலில் உணர்ந்தவர்களில் வேட்டைக்காரர்களும் உண்டு. ஏனென்றால் பழைய கணக்கு அவர்கள் கையில் இருந்தது. 1877இல் உதகையில் நீலகிரி வேட்டைச் சங்கம் தொடங்கியது. 1879இல் மதராஸ் அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உரிமம் வந்தது, சுடக்கூடாத பருவம் வந்தது. விளையாட்டு நீடிக்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் நோக்கம். ஆனாலும் விலங்கின் எண்ணிக்கை அரசு கவலைப்பட வேண்டிய விஷயம் என்பது இந்த மலைகளில் அப்போதே எழுத்தில் ஏறிவிட்டது.

ஹாமில்டனின் புத்தகம் வந்த அதே 1892இல் லண்டனில் ரோலண்ட் வார்டு என்ற, விலங்குடல்களைப் பாடம் செய்யும் கலைஞர், உலக வேட்டை விலங்குகளின் கொம்பு அளவுகளையும் எடைகளையும் ஒரு பட்டியலாக வெளியிட்டார். குறிப்பேட்டின் பாதை அங்கே இரண்டாகப் பிரிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கிளை அங்குலக் கணக்காகவே போய், யாருடைய சுவரில் யாருடைய கொம்பு பெரிது என்ற போட்டியானது. இன்னொரு கிளை, சுடுவதற்கு முன்னும் பின்னும் பார்த்ததை எழுதுகிற பழக்கம், இயற்கை வரலாறாக வளர்ந்தது.

அந்த இரண்டாவது கிளையின் பலனுக்கு ஓர் உதாரணம் கடமானின் கழுத்து. தொண்டையின் அடிப்புறம் ஓர் இடத்தில் மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, சில வேளை ரத்தம் கசியும் ஒரு திட்டு. தென்னிந்தியாவில் மான் சுட்டவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். நோய் என்றார்கள், ஒட்டுண்ணி என்றார்கள், காயம் என்றார்கள். எந்த மாதம், ஆணா பெண்ணா என்று குறித்தவர்களால்தான் பின்னால் வந்தவர்களுக்கு வேறொன்று புரிந்தது: இது இனப்பெருக்க காலத்தை ஒட்டித் தெரிகிறது, இரு பாலிலும் தெரிகிறது, சுரப்பியாக இருக்கலாம். ஜார்ஜ் ஷாலர் கான்ஹாவில் மானையும் புலியையும் ஆராய்ந்து 1967இல் வெளியிட்ட நூலில் வேட்டைக்காரர்களின் பழைய குறிப்புகளை ஒதுக்காமல் சலித்து எடுத்துப் பயன்படுத்தினார்.

சலிக்கத்தான் வேண்டும். வேட்டைக் குறிப்பேட்டுக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. கொம்புள்ள ஆண் விரிவாக வரும். பெட்டையும் குட்டியும் ஒரு வரியில் மறையும். ஒன்றும் கிடைக்காத நாள் பெரும்பாலும் எழுதப்படாது. அதனால் பழைய காடு முழுக்கப் பெரிய கொம்பன்களே திரிந்ததுபோல் ஒரு மயக்கம் வரும்.

இந்தக் குறையை நம் ஊர்க்காரர்கள் இருவர் தங்கள் வழியில் நிரப்பினார்கள். மா. கிருஷ்ணன் துப்பாக்கிக்குப் பதில் கேமராவும் தூரிகையுமாக நடந்தவர். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கைக் குறிப்புப் பத்தி எழுதினார். நேரு ஆய்வுநல்கை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைத் தேடி அலைந்து அவர் எழுதிய ஆய்வு, ஒவ்வொரு விலங்கும் எங்கே எந்த நிலையில் இருந்தது என்பதற்கு இன்றும் ஆவணம். மற்றவர் குன்னூர் வழக்கறிஞர் இ. ஆர். சி. தாவிதார். வேட்டையில் தொடங்கியவர், அதைக் கைவிட்டுக் காவலுக்கு வந்தார். 1963இல் நீலகிரியின் விளிம்புகளில் நடந்து வரையாடுகளை எண்ணினார். சீகூரில் காட்டோரம் வீடு கட்டி, வாசலுக்கு வந்த மானையும் யானையையும் ஆண்டுக்கணக்காகக் குறித்துவைத்தார். 2024இல் தமிழ்நாடு அரசு ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் 1,031 வரையாடு என்ற எண் வந்தபோது, அதை வைத்துப் பார்க்க ஒரு பழைய எண் நம்மிடம் இருந்ததற்குக் காரணம் அவரைப் போன்றவர்கள்.

சட்டமும் மெல்ல வந்து சேர்ந்தது. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கடமானையும் புள்ளிமானையும் உரிமத்தோடு சுட இன்னும் இடம் விட்டிருந்தது. 1991இல் வந்த திருத்தம் அந்த வாசலையும் அடைத்தது. துப்பாக்கி இறங்கிவிட்டது, குறிப்பேடு இறங்க வேண்டியதில்லை.

வேட்டையிலிருந்து கொலை கழன்றுபோன பின்பும் மற்றதெல்லாம் நிலைக்கும் என்பதற்கு நான் இருக்கும் திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையில் வேறு அத்தாட்சி வேண்டாம். பத்மநாபசுவாமி கோயிலின் ஐப்பசி, பங்குனித் திருவிழாக்களில் ஒன்பதாம் நாள் இரவு பள்ளிவேட்டை. வாத்தியம் இல்லாமல், பேச்சில்லாமல் ஊர்வலம் போகும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர் வில்லெடுத்து ஓர் இளநீரின் மேல் அம்பு விடுவார். அவ்வளவுதான் வேட்டை. காத்திருப்பு உண்டு, அமைதி உண்டு, குறி உண்டு, உயிர் போவதில்லை. குறிப்பேட்டுக்கும் இது பொருந்தும்.

அதற்கான ஏடு எட்டும் தூரத்தில் கிடைக்கிறது. எழுத்தாளர் ஆ. மாதவன் கதைகளில் வரும் சாலைக் கடைத்தெருவில், கணக்கெழுதும் கெட்டி அட்டை நோட்டு ஒன்றும் பென்சிலும் வாங்கலாம். மழையில் பேனா மை கரையும், பென்சில் கரையாது. கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் நெய்யாறு. 1958இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் அவசியம். அந்த வழிகாட்டியின் பெயரை, அவர் சம்மதித்தால், முதல் வரியிலேயே எழுதுங்கள். ஹாமில்டன் காலத்துக் கடன் அப்படித்தான் தீரும்.

ஒரு பக்கம் இப்படி இருக்கலாம் (மிளா என்றால் கடமான்):

“காலை 6.20. நீர்த்தேக்கக் கரை. தூறல் நின்று அரை மணி. காற்று நீர்ப்பக்கமிருந்து நம்மை நோக்கி. மிளா மூன்று, பெட்டை இரண்டு, குட்டி ஒன்று. மேய்ச்சல். 6.35க்குப் பெரிய பெட்டை முன்னங்காலைத் தரையில் அடித்தது, வாலைத் தூக்கியது, ஒருமுறை உரக்கக் கத்தியது. மூன்றும் காட்டுக்குள். காரணம் தெரியவில்லை.”

இதில் காற்றின் திசையை எழுதியதால்தான் மிளா நம் வாடையால் மிரளவில்லை என்று பின்னால் படிப்பவர் சொல்ல முடியும். காரணம் தெரியவில்லை என்ற வரியும் முக்கியம். ஊகத்தை உண்மைபோல் எழுதிவிட்டால் ஏடு முழுதும் கெட்டுப்போகும். ஆண் தென்பட்டால் கொம்பு எந்த நிலையில் என்று எழுதுங்கள்: முற்றியதா, மேல்தோல் போர்த்தி வளர்கிறதா, உதிர்ந்துவிட்டதா. கடமான் பொதுவாக ஆண்டுதோறும் கொம்பு உதிர்க்கும் விலங்கு. ஒரே காட்டில் பத்தாண்டு இதைக் குறித்தால் அந்தக் காட்டின் பருவம் நகர்கிறதா என்று தெரியும். போய் எதையும் பார்க்காமல் திரும்பிய நாளுக்கும் தேதியும் நடந்த நேரமும் போட்டு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பழைய ஏடுகளில் இல்லாதது அந்தப் பக்கம்தான். மான் நிற்கும் துல்லியமான இடத்தை மட்டும் பொதுவெளியில் போடாதீர்கள். கள்ள வேட்டை இன்னும் ஒழியவில்லை.

ஹாமில்டன் நாடாவைப் பிடித்தபோது எந்த வரி நூற்றைம்பது ஆண்டு நிற்கும் என்று யோசித்திருக்க முடியாது. நின்றது அவர் அளந்த கொம்பு அல்ல, போகிறபோக்கில் எழுதிய மலையும் புல்லும் பருவமும். நம் குறிப்பில் எது நிற்கும் என்று நமக்கும் தெரியாது. ஆகவே பொறுக்கியெடுத்து எழுதாமல் கண்டதை முழுதாக எழுத வேண்டும். அன்றைக்கே எழுத வேண்டும். ஒரு பிரதியை நூலகத்துக்கோ வன அலுவலகத்துக்கோ கொடுத்துவைக்க வேண்டும். அந்தக் காட்டைப் பார்க்க இன்னும் பிறக்காத ஒருவர் வருவார். நாம் இருந்த காலத்தில் அங்கே என்ன இருந்தது என்று அவர் கேட்கும்போது பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.