கொடி கட்டாத வீடுகள்

2014 நவம்பர் 20ந் தேதி இங்கிலாந்தில் ராச்செஸ்டர் தொகுதியில் ஒரு இடைத்தேர்தல். பிரசாரத்துக்குப் போயிருந்த தொழிற்கட்சி எம்.பி. எமிலி தார்ன்பெரி ஒரு வீட்டைப் படம் எடுத்து வெளியிட்டார். வீட்டின் முகப்பில் செயின்ட் ஜார்ஜின் சிவப்புச் சிலுவைக் கொடிகள் மூன்று தொங்கிக்கொண்டிருந்தன. வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றது. படம் ராச்செஸ்டரில் எடுத்தது என்பதைத் தவிர அவர் வேறெதுவும் எழுதவில்லை. அன்று இரவுக்குள் நிழல் மந்திரிசபையிலிருந்து அவர் ராஜினாமா செய்ய நேர்ந்தது.

ஒரு சொல்கூடக் கேலியாக இல்லாத படம் எப்படிக் கேலியாயிற்று? வெள்ளை வேன் என்றால் அங்கே குழாய் ரிப்பேர் செய்பவர், கொத்தனார், எலெக்ட்ரீஷியன் என்று அர்த்தம். கொடியும் வேனும் சேர்ந்தால் படிப்பில்லாதவன், வெளிநாட்டுக்காரனைப் பிடிக்காதவன் என்று மீதி வாக்கியத்தைப் பார்ப்பவன் தானே பூர்த்தி செய்துகொள்கிறான். அந்தப் படத்தைக் கண்டித்தவர்களும் இதே வாக்கியத்தைத்தான் மனசுக்குள் வாசித்தார்கள். இல்லையென்றால் கண்டிக்கவே ஏதுமில்லை. இத்தனைக்கும் தார்ன்பெரி நகராட்சி வாடகைக் குடியிருப்பில் வளர்ந்தவர். பிறப்பால் அல்ல, பார்வையால்தான் ஒருவர் வர்க்கம் மாறுகிறார் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இந்தப் படம் எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது 2025 செப்டம்பரில். பர்மிங்காமின் புறநகர் ஒன்றில் ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். அந்தக் கோடையில் அதே நகரின் தென்மேற்குப் பகுதிகளில் ஆரம்பித்து இங்கிலாந்து முழுவதும் விளக்குக் கம்பங்களில் கொடி கட்டும் இயக்கம் பரவியிருந்தது. சிறு ரவுண்டானாக்களில்கூட வெள்ளை அடித்துச் சிவப்புச் சிலுவை வரைந்திருந்தார்கள். அகதிகள் தங்கவைக்கப்பட்ட ஹோட்டல்களின் முன்னால் ஆர்ப்பாட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. செப்டம்பர் 13ந் தேதி லண்டன் ஊர்வலத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கலந்துகொண்டதாகப் போலீஸ் கணக்குச் சொல்லிற்று. படித்த நண்பர்களிடம் பேசினால் எல்லோரிடமும் ஒரே வியாக்கியானம்தான்: வேலையிழந்த வெள்ளைக்காரத் தொழிலாளியின் துவேஷம் இது. எனக்கு இது பாதி உண்மை என்று பட்டது. மறுபாதிக்குச் சரித்திரத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

*

யூனியன் ஜாக்கைத் தேசியக் கொடியாக்கும் சட்டம் எதுவும் பிரிட்டனில் கிடையாது. அது கப்பலிலிருந்தும் ராணுவத்திலிருந்தும் வழக்கமாக இறங்கி வந்த கொடி. நிலத்தில் எந்தப் பிரஜையும் அதைப் பறக்கவிடலாம் என்று பிரபுக்கள் சபையில் அரசாங்கத்தின் சார்பில் சொல்லப்பட்டதே 1908ல்தான். 2007 வரை அரசாங்கக் கட்டிடங்களில் குறிப்பிட்ட 18 நாட்கள் மட்டுமே அது ஏறும். பிரிட்டிஷ்காரர்களுக்குக் கொடி மீது மோகம் இல்லை என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. மோகம் தேவைப்படாத அளவுக்கு அதிகாரம் இருந்தது என்பதே சரி.

கொடியும் கும்பலும் சேர்ந்து லண்டன் தெருவை நிறைத்த பெரிய இரவு 1900 மே மாதம் வந்தது. போயர் யுத்தத்தில் மாஃபெகிங் நகரின் முற்றுகை விலகிய செய்தி எட்டிய இரவு அது. அடுத்த வருஷமே ஜே. ஏ. ஹாப்சன் இந்த வெறியின் மனோதத்துவத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் கூத்துக்கு நெடுங்காலம் தொழிலாளிகளே பொறுப்பாக்கப்பட்டார்கள். 1972ல் ரிச்சர்ட் பிரைஸ் என்ற சரித்திர ஆசிரியர் இதை மறுத்தார். அன்று ஆடியவர்களில் பெரும்பாலோர் குமாஸ்தாக்கள், மாணவர்கள், கீழ் மத்தியதர வர்க்கத்து இளைஞர்கள் என்பது அவர் முடிவு. கொடிக் கும்பல் என்றாலே கூலிக்காரக் கும்பல்தான் என்ற அனுமானத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

தொழிலாளிகளிடையே துவேஷம் இல்லாமல் இல்லை. ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்த யூதர்கள் லண்டனின் கிழக்குப் பகுதியில் குடியேறியபோது, அவர்களுக்கு எதிராக 1901ல் 'பிரிட்டிஷ் பிரதர்ஸ் லீக்' கிளம்பியது. கூட்டங்களுக்கு வந்தவர்கள் அப்பகுதித் தொழிலாளிகள். இயக்கத்துக்குப் பாராளுமன்றத்தில் குரல் கொடுத்தவரோ மேஜர் வில்லியம் எவன்ஸ்-கார்டன். இந்திய ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர், கன்சர்வேடிவ் எம்.பி. இதிலிருந்து பிறந்ததுதான் 1905ம் வருஷத்து அந்நியர் சட்டம். அந்தச் சட்டத்தில் 'குடியேறி' என்றால் கப்பலின் மலிவு வகுப்பில், அடித்தட்டில், பயணம் செய்து வரும் அந்நியன். கேபின் டிக்கெட் வாங்கியவன் குடியேறி அல்ல. அவனை யாரும் பரிசோதிக்கவும் மாட்டார்கள். அந்நியனுக்கு எதிரான முதல் நவீனச் சட்டம் அந்நியனையே வர்க்கத்தால்தான் வரையறுத்தது. தெருவில் கத்தியவன் யூதன் என்று கத்தினான். சட்டம் எழுதியவர் யூதன் என்று எழுதவில்லை, டிக்கெட்டின் விலையை எழுதினார். நாகரிகமானவர்களின் முறை இது.

*

1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து டில்பரியில் இறக்கிற்று. அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகளாகவே வந்தார்கள். 1958ல் லண்டன் நாட்டிங் ஹில்லில் கறுப்பர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். ஒன்பது வெள்ளை வாலிபர்களுக்கு நான்கு வருஷச் சிறை கிடைத்தது. டெடி பாய்ஸ் என்ற அடிமட்ட ரௌடிகளின் வேலை என்று பத்திரிகைகள் தீர்ப்புச் சொல்லின. அந்த நான்கு வருஷம் முடிவதற்குள், 1962ல், பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. அது அடித்தவர்களுக்கு எதிரான சட்டமல்ல, அடிபட்டவர்கள் வரும் வழியை அடைக்கும் சட்டம். நிறத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. வேலைத் தகுதி பார்த்து அனுமதிச் சீட்டு, அவ்வளவே. நிறபேதம் பார்க்காததுபோலத் தோன்றிக்கொண்டே நிறமுள்ளவர்கள் மேல் மட்டும் பாயும் என்பதே இத்திட்டத்தின் சிறப்பு என்று உள்துறை மந்திரி பட்லர் மந்திரிசபைக் குறிப்பில் விளக்கியிருந்தார். அந்தக் குறிப்பை எழுதிய அறையில் கொடி ஒன்றும் ஆடியிருக்காது.

1968ன் கதை இன்னும் தெளிவானது. கென்யாவிலிருந்து இந்திய வம்சாவழியினர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுடன் வரத் தொடங்கினார்கள். தொழிற்கட்சி அரசாங்கம் மூன்று நாட்களில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. பெற்றோரிலோ பாட்டன் பாட்டியரிலோ ஒருவராவது அந்த மண்ணில் பிறந்திருந்தால் ஒழிய அந்தப் பாஸ்போர்ட் செல்லாது. மார்ச் 1ந் தேதி அது சட்டமாயிற்று. சரியாக ஐம்பது நாள் கழித்து, ஏப்ரல் 20ந் தேதி, பர்மிங்காமில் இனாக் பவல் ரத்த ஆற்றைப் பற்றிப் பேசினார். பவல் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்தவர். யுத்த காலத்தில் டெல்லியில் ராணுவ அதிகாரி. 1960 முதல் 1963 வரை சுகாதார மந்திரி. இந்திய டாக்டர்களும் மேற்கிந்திய நர்சுகளும் ஆஸ்பத்திரிகளைத் தாங்கிக்கொண்டிருந்த காலம் அது. மேஜர் எவன்ஸ்-கார்டனுக்கும் இவருக்கும் இந்தியா பொதுவாக இருப்பதை நான் வெறும் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஜனங்களின் ஞாபகத்தில் தங்கியது மார்ச் 1 அல்ல, ஏப்ரல் 23. செயின்ட் ஜார்ஜ் தினமான அன்று லண்டன் துறைமுகத் தொழிலாளிகள் வேலையைப் போட்டுவிட்டுப் பவலுக்கு ஆதரவாக வெஸ்ட்மின்ஸ்டருக்கு நடந்தார்கள். அந்தத் துறைமுகங்களில் வேலை பெரும்பாலும் அப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. கறுப்பனோ இந்தியனோ உள்ளே நுழைவது அரிது. அவர்கள் வேலைக்கு எமனாக வந்தது கன்டெய்னர் பெட்டி. கிழக்கிந்தியத் துறை 1967ல் மூடப்பட்டது, செயின்ட் காதரின் துறை 1968ல். கன்டெய்னரை எதிர்த்து ஊர்வலம் போனால் முதலாளியோடு சண்டை. குடியேறியை எதிர்த்துப் போனால் ஒரு முன்னாள் மந்திரியின் ஆசீர்வாதம் கிடைக்கிறது.

இதோடு நிறுத்தினால் நானும் அந்தப் படித்த நண்பர்களின் வரிசையில் சேர்ந்துவிடுவேன். 1977 ஜூலையில் வடமேற்கு லண்டனில் க்ரன்விக் என்ற ஃபிலிம் கழுவும் தொழிற்சாலை வாசலில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். உள்ளே தொழிற்சங்க உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் பெரும்பாலும் சேலை கட்டிய குஜராத்திப் பெண்கள். முன்னால் நின்றவர் ஜெயாபென் தேசாய். அவர்களுக்கு ஆதரவாக வந்த பதாகைகளில் ஒன்று லண்டன் ராயல் துறைமுகத் தொழிலாளிகளுடையது. பவலுக்காக நடந்து ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது. கையில் இருந்த துணி மாறியிருந்தது, நடந்த திசையும் மாறியிருந்தது. வேலைநிறுத்தம் 1978ல் தோற்றது. ராயல் துறைமுகமும் 1981ல் வியாபாரக் கப்பல்களுக்கு மூடப்பட்டது. துறைமுகம் போனால் அதன் சங்கப் பதாகையைத் தூக்க ஆள் ஏது? தொழிலாளி வீட்டில் மிஞ்சும் துணி ஒன்றுதான்.

அதே வருஷங்களில் யூனியன் ஜாக்கை நேஷனல் ஃப்ரண்ட் என்ற பாசிஸக் கட்சி தன் ஊர்வலங்களில் தூக்கிற்று. 1979ல், மறுபடியும் ஏப்ரல் 23ந் தேதி, பஞ்சாபிகள் நிறைந்த சவுத்தாலில் அக்கட்சி கூட்டம் போட்டபோது, எதிர்த்து வந்தவர்களில் ஒருவரான பிளேர் பீச் மண்டையில் அடிபட்டுச் செத்தார். அவர் நியூஸிலாந்திலிருந்து குடியேறிய ஆசிரியர். அடித்தது கொடிக்காரனல்ல, அநேகமாக ஒரு போலீஸ்காரர் என்று 2010ல் வெளியிடப்பட்ட போலீஸின் சொந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது.

1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்காக யூனியன் ஜாக் ஆட்டிய ரசிகர்கள் 1996ல் செயின்ட் ஜார்ஜ் சிலுவைக்கு மாறினார்கள். இதற்குக் காரணங்கள் பல. பழைய கொடியில் நேஷனல் ஃப்ரண்ட் விட்டுப்போன கறை அதில் ஒன்று என்றே நினைக்கிறேன். புதுக்கொடியிலும் கறைபட முப்பது வருஷம் போதுமாயிருந்தது.

*

பர்மிங்காம் நண்பர் 1986ல் லண்டன் வந்தவர். அதற்கு முந்தின வருஷம்தான் இலங்கைக்காரர்களுக்கு பிரிட்டன் விசா விதித்தது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு அப்படி விதித்தது அதுவே முதல் தடவை. 1983ல் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்ததற்கு லண்டன் சொன்ன பதில் அது. 1987 பிப்ரவரியில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் சிலர் ஹீத்ரோ விமானத்தளத்தில் உடைகளைக் களைந்து போராடினார்கள். சில மாதங்களில் இன்னொரு சட்டம் வந்தது: உரிய காகிதம் இல்லாத பயணியை ஏற்றிவரும் விமானக் கம்பெனிக்குத் தலைக்கு 1,000 பவுன் அபராதம். அதன்பின் அகதியைத் தடுக்கும் வேலையை டிக்கெட் கவுண்டர் சிப்பந்தியே பார்த்துக்கொண்டார். 1905ல் கப்பல் டிக்கெட், 1987ல் விமான டிக்கெட்.

ஒரு மாலை அவருடன் நடந்தேன். கம்பத்துக்குக் கம்பம் கொடி, மழையில் நனைந்து சுருண்டிருந்தது. ஒரு வீட்டு வாசலில் பெயின்டுக்காரர் ஒருவர் வேனிலிருந்து ஏணியை இறக்கிக்கொண்டே நண்பரைப் பெயர் சொல்லி விசாரித்தார். அவர் வீட்டு ஜன்னலிலும் கொடி இருந்தது. பயமாக இருக்கிறதா என்று நண்பரைக் கேட்டேன்.

"கொடிக்குப் பயமில்லை. ஆர் கட்டினவை, ஏன் கட்டினவை எண்டு தெரியாமல் இரவிலை நடக்கிறதுதான் பயம். மகள் ஆஸ்பத்திரியிலை நைட் டியூட்டி முடிச்சு வாறவள்."

இந்தப் பயத்தை நான் வியாக்கியானம் செய்து கரைத்துவிட விரும்பவில்லை. கம்பத்தில் ஏறிக் கட்டியவர்களில் ஃபுட்பால் ரசிகன் உண்டு, தன் தெருவை யாரும் கண்டுகொள்வதில்லை என்ற கோபக்காரன் உண்டு, பாசிஸ்டும் உண்டு. இரவில் தனியாக வரும் பெண்ணுக்கு இவர்களைப் பிரித்துப் பார்க்க அவகாசம் கிடையாது. தொழிலாளியின் கொடியைக் கவித்துவமாக்கும் உரிமை எனக்கில்லை.

ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. கம்பங்களில் கொடி ஏறியது 2025 ஆகஸ்டில். நிரந்தர வாசத்துக்கான ஐந்து வருஷத்தைப் பத்தாக்கும் அரசாங்க வெள்ளை அறிக்கை வந்தது மே மாதத்தில். முதியோரைப் பராமரிக்க வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியது ஜூலையில். தெருவைக் காட்டிச் சட்டம் செய்கிறார்கள். சட்டத்தைப் பார்த்துத் தெரு தைரியம் கொள்கிறது. எது முதல் என்று ஒவ்வொரு முறையும் நிரூபிக்க முடியாது. பழி மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே வீட்டு வாசலில் போய் விழுகிறது. ஏனென்றால் அந்த வீட்டில்தான் கொடி இருக்கிறது, படம் எடுக்க முடிகிறது.

திரும்பி வரும்போது அவருடைய வழக்கைப் பற்றிக் கேட்டேன். நான்கு வருஷம் இழுத்தது, மூன்று முறை நிராகரித்தார்கள் என்றார். அந்தக் கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறாராம்.

"என்னைத் திருப்பி அனுப்பப் பாத்த ஆக்களின்ரை கடிதத்திலை கொடி ஒண்டும் இருக்கேல்லை. நல்ல இங்கிலிஸ் இருந்தது."