வரைபலகையில் நின்ற ஜெட்கள்: கட்டப்படாத பிரிட்டிஷ் போர்விமானங்களின் படங்களும் இந்தியத் தொடர்பும்

பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, சேலையூர் மக்களுக்குத் தலைக்கு மேல் வட்டமடிக்கும் பயிற்சி விமானம் புதிதல்ல. இந்திய விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1948இல் அம்பாலாவில் தொடங்கி, 1954இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. அங்கே நெடுங்காலம் பறந்த கிரண் என்ற பயிற்சி ஜெட், வி.எம். காட்கே தலைமையில் பெங்களூரில் வடிவமைக்கப்பட்டு 1964 செப்டம்பரில் முதன்முறையாகப் பறந்தது. உடல் நம்முடையது, இன்ஜின் பிரிட்டனுடையது. முதல் வகைக்கு வைப்பர், இரண்டாம் வகைக்கு ஆர்ஃபியஸ். அதற்கும் முன்னே, 1948 நவம்பரில் இந்தியாவுக்கு வந்த முதல் ஜெட்டான வாம்பயரும் பிரிட்டிஷ் விமானமே.

இப்படி நம் வானத்துக்கு வந்து சேர்ந்தவை சில. காகிதத்தோடு நின்றுபோனவை அவற்றைவிடப் பன்மடங்கு. நின்றுபோனவற்றை அறிய வரைபடமே முதன்மைச் சான்று. அவை எப்படி வரையப்பட்டன, ஏன் கைவிடப்பட்டன, பிற்காலத்தில் எப்படி மீண்டும் வரையப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அன்று நிறுவனம் வரைந்த படமும் இன்று ஓவியர் வரையும் படமும் வெவ்வேறு வகைச் சான்றுகள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தால் வரலாறு பிழைபடும் என்பதே இதன் வாதம்.

படம் பிறந்த முறை

போருக்குப் பிந்தைய பிரிட்டனில் புதிய போர்விமானத்துக்கான தேவையை விமானப்படை முதலில் எழுத்தில் வகுக்கும். வேகம், உயரம், தூரம், ஆயுதம் ஆகியவை அதில் இருக்கும். அதன் அடிப்படையில் அரசின் வழங்கல் அமைச்சகம் தொழில்நுட்ப விவரக்குறிப்பை வெளியிடும். நிறுவனங்கள் போட்டியிட்டுத் தங்கள் திட்ட அறிக்கையைக் கொடுக்கும். மேல் தோற்றம், முன் தோற்றம், பக்கத் தோற்றம் மூன்றும் கொண்ட பொதுஅமைப்பு வரைபடமே அந்த அறிக்கையின் உயிர்நாடி. இறக்கைப் பரப்பு, எடைக் கணக்கு, இன்ஜின் இருப்பிடம், எரிபொருள் தொட்டி எல்லாம் அதை ஒட்டியே விளக்கப்படும். சில அறிக்கைகளில் மேகங்களுக்கிடையே பறக்கும் விமானத்தின் கற்பனைக் காட்சி ஒன்றும் இருக்கும். வரைபடம் பொறியாளருக்கு, கற்பனைக் காட்சி முடிவெடுக்கும் அதிகாரிக்கு.

ஆகவே தொடக்கத்திலிருந்தே இந்தப் படங்களுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று விவரிப்பது, மற்றொன்று விற்பது. ஆய்வாளர் இதை நினைவில் வைக்க வேண்டும். அறிக்கையில் சொல்லப்பட்ட வேகம், பறந்து காட்டிய வேகம் அல்ல. நிறுவனம் எதிர்பார்த்த வேகம்.

எம்.52 முதல் எஃப்.155 வரை

பிரிட்டனின் முதல் ஜெட்டான குளோஸ்டர் இ.28/39, 1941 மே 15இல் பறந்தது. இரண்டே ஆண்டுகளில், மணிக்கு 1,000 மைல் செல்லும் ஆய்வு விமானம் ஒன்றை அரசு கேட்டது. அதற்கான பணி மைல்ஸ் நிறுவனத்துக்குப் போனது. எம்.52 என்ற அந்த விமானத்துக்கு மெல்லிய நேர் இறக்கை, கூம்பு மூக்கு, முழுவதும் அசையும் வால்தகடு. முன்மாதிரி உருவாகிக்கொண்டிருந்தபோதே, 1946 பிப்ரவரியில் பணி நிறுத்தப்பட்டது. 1947 அக்டோபர் 14இல் அமெரிக்காவின் பெல் எக்ஸ்-1 ஒலிவேகத்தைத் தாண்டியது. எம்.52இன் வடிவத்தைத் தழுவிய ஆளில்லாச் சிறுமாதிரி ஒன்று 1948 அக்டோபரில் மாக் 1.38 (ஒலிவேகத்தின் 1.38 மடங்கு) வேகத்தைத் தொட்டது. வடிவம் சரி என்பது திட்டம் கைவிடப்பட்ட பிறகு தெரியவந்தது.

1950களின் நடுவில் போட்டி உச்சத்தை அடைந்தது. சோவியத் ஒன்றியத்தின் வேகக் குண்டுவீச்சு விமானங்களை மிக உயரத்தில் மறிக்கும் கனரகப் போர்விமானத்தைக் கேட்டது எஃப்.155 விவரக்குறிப்பு. ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த், டி ஹாவிலண்ட், இங்கிலிஷ் எலக்ட்ரிக், ஃபேரி, ஹாக்கர், சாண்டர்ஸ்-ரோ, விக்கர்ஸ் சூப்பர்மரீன் ஆகிய நிறுவனங்கள் வடிவங்களை வரைந்தன. ஒரே கேள்விக்கு வந்த பதில்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. சூப்பர்மரீனின் 559, சிறு இறக்கையை முன்னே வைத்து, இரண்டு ஜைரான் இன்ஜின்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஹாக்கரின் பி.1103, காற்று உள்வாயிலைத் தாடைக்குக் கீழே வைத்தது. 1956 மார்ச் 10இல் மணிக்கு 1,132 மைல் வேகத்தில் உலகச் சாதனை படைத்த டெல்டா 2இன் அனுபவத்தை ஃபேரி நம்பியது.

1957 ஏப்ரல் 4இல் பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸ் வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். இனி வானைக் காப்பது ஏவுகணையே, பி.1 என்ற லைட்னிங்கைவிட மேம்பட்ட போர்விமானம் விமானப்படைக்குத் தேவைப்படாது என்பது அதன் சாரம். எஃப்.155 போட்டி அந்த ஆண்டோடு முடிந்தது. மீஒலி வேக உளவுக் குண்டுவீச்சு விமானமான ஆவ்ரோ 730ம் அதே ஆண்டில் கைவிடப்பட்டது. பி.1103இலிருந்து வளர்ந்த பி.1121, முன்மாதிரி பாதி கட்டப்பட்ட நிலையில் 1958இல் நின்றது.

ஓவியரின் கண்ணுக்கு 1957 ஒரு புதையல்: ஒரே ஆண்டில் இத்தனை விசித்திர வடிவங்கள். வரலாற்றாளரின் கண்ணுக்கு அது கொள்கை முடிவின் ஆண்டு. அந்த வடிவங்களுள் பல, பறக்க முடியாதென்று நிரூபிக்கப்பட்டதால் நிற்கவில்லை. தேவையில்லை என்று தீர்மானிக்கப்பட்டதால் நின்றன.

பெங்களூரில் எதிரொலி

கட்டப்படாதது விமானமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, இன்ஜினாகவும் இருக்கலாம். இதற்கு மிகத் தெளிவான சான்று இந்தியாவில் இருக்கிறது. ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் 1956இல் பெங்களூர் வந்து, இந்துஸ்தான் ஏர்கிராஃப்டில் எச்.எஃப்-24 மாருத் போர்விமானத்தை வடிவமைத்தார். முழு அளவு மரக் கிளைடர் 1959இல் பறந்தது. 1961 ஜூன் 17இல் சுரஞ்சன் தாஸ் முதல் முன்மாதிரியை ஓட்டினார்.

மாருத்துக்காகத் தேர்ந்த இன்ஜின், பிரிஸ்டல் நிறுவனத்தின் ஆர்ஃபியஸ் 12. எரிவெளியேற்றத்தில் மீண்டும் எரிபொருளைக் கொளுத்தும் ஆஃப்டர்பர்னரோடு அது சுமார் 3,700 கிலோகிராம் உந்துவிசை தரவேண்டும். அந்த இன்ஜினுக்கான ஆதரவை பிரிட்டன் விலக்கிக்கொண்டது. மேம்பாட்டுச் செலவை ஏற்க தில்லியும் முன்வரவில்லை. கையில் கிடைத்தது, சிறிய நேட் விமானத்துக்குப் பயன்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த ஆர்ஃபியஸ் 703. உந்துவிசை சுமார் 2,200 கிலோகிராம், ஆஃப்டர்பர்னர் இல்லை. மாக் 2ஐ நோக்கி வரையப்பட்ட மாருத், நேர்ப்பறப்பில் ஒலிவேகத்தை ஒட்டியே நின்றது. 703இலேயே ஆஃப்டர்பர்னர் பொருத்திச் சோதித்த முன்மாதிரி 1970 ஜனவரியில் விழுந்து நொறுங்கியதில் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார்.

மாருத்தின் வெளித்தோற்றத்தைப் பார்ப்பவர் அதை மீஒலி விமானம் என்றே எண்ணுவார். ஒடுங்கிய உடல், பின்சாய்ந்த மெல்லிய இறக்கை, எல்லாம் வராத இன்ஜினுக்காக வரையப்பட்டவை. சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் நிற்கும் மாருத்தை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 1970களில் ஆர்பி.199 இன்ஜினோடு திட்டமிடப்பட்ட எச்.எஃப்-73, காகிதத்தைத் தாண்டவில்லை.

குரோம்பேட்டையில் ஒரு வரைபடம்

தாம்பரத்துக்கு வடக்கே குரோம்பேட்டையில், சி. ராஜம் 1949இல் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் (எம்.ஐ.டி.) விமானப் பொறியியல் பாடம் இருந்தது. பிரிட்டனில் எஃப்.155 போட்டி நடந்த அதே காலகட்டத்தில் அங்கே படித்தவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை நான்கு சக மாணவர்களோடு வடிவமைத்ததையும், பேராசிரியர் சீனிவாசன் பணி மெத்தனமாக இருப்பதைக் கண்டித்து மூன்றே நாள் கெடு விதித்ததையும், இரவெல்லாம் வரைபலகையில் உழைத்ததையும் அவர் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். கட்டப்படுவதற்காக வரைந்த விமானம் அல்ல அது. காற்றியக்கம், கட்டமைப்பு, உந்துவிசை, கட்டுப்பாடு ஆகியவற்றை ஒரே வடிவத்துக்குள் இணைக்கக் கற்பது அதன் நோக்கம். கட்டப்படாத வரைபடத்துக்கும் பயன் உண்டு என்பதற்கு இது நம்மூர்ச் சான்று.

ஆவணங்கள் திறந்த பிறகு

பிரிட்டனில் ஐம்பது ஆண்டுகள் மூடியிருந்த அரசு ஆவணங்களின் காலக்கெடு, 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் முப்பதாகக் குறைந்தது. 1957இன் கோப்புகள் 1980களின் இறுதியில் திறந்தன. அதற்கு முன்பே, 1975இல், டெரெக் வுட் கைவிடப்பட்ட பிரிட்டிஷ் விமானங்களைப் பற்றி நூல் எழுதி, அரசு முடிவுகளைக் கடுமையாக விமர்சித்தார். ஆவணங்கள் திறந்த பின் 2000இல் டோனி பட்லர் வெளியிட்ட ஜெட் போர்விமானத் தொகுதி, விவரக்குறிப்பு வாரியாகப் போட்டி வடிவங்களை வரிசைப்படுத்தியது. வுட் எழுதியது குற்றச்சாட்டு. பட்லர் தொகுத்தது பட்டியல். ஆய்வுக்கு இரண்டாவதே உறுதியான அடித்தளம்.

கணினி வந்ததும் படங்கள் மாறின. கிறிஸ் கிப்சனின் நூல்களுக்குப் படம் வரைந்த ஏட்ரியன் மான் போன்றவர்கள், தட்டையான மூன்று தோற்றங்களிலிருந்து முப்பரிமாண விமானத்தை எழுப்பி, வண்ணமும் ஒளியும் சேர்த்து வானில் நிறுத்தினர். இதில் உண்மையான ஆராய்ச்சி உண்டு. மூன்று தோற்றங்களும் ஒன்றோடொன்று பொருந்தாத இடங்கள் முப்பரிமாணத்தில்தான் பளிச்சென்று தெரியும். கூடவே ஊகமும் நுழைகிறது. வரைபடத்தில் வண்ணம் இல்லை, படையணிச் சின்னம் இல்லை, இறக்கைக்கடியில் தேய்மானக் கறை இல்லை. பறக்காத விமானத்துக்கு அவற்றைத் தருபவர் ஓவியரே.

வாசிக்கும் முறை

எனவே இத்தகைய படத்தை மூன்று தரமாகப் பிரிக்கலாம். நிறுவனத்தின் தேதியிட்ட வரைபடமும் காற்றுச்சுரங்க மாதிரியும் முதல் தரம். அறிக்கையில் விற்பனைக்காக வரைந்த கற்பனைக் காட்சி இரண்டாம் தரம். அது நிறுவனத்தின் விருப்பத்துக்குச் சான்று, விமானத்தின் திறனுக்கு அல்ல. பிற்கால ஓவியம் மூன்றாம் தரம். எந்த வரைபடத்திலிருந்து எழுந்தது, எது ஊகம் என்று அதன் அடியில் குறிப்பிட்டால் மட்டுமே ஆய்வில் எடுத்தாளலாம். ஒரு நிறுவனம் ஒரே திட்டத்துக்குப் பல வடிவங்களை வரைந்திருக்கும் என்பதால், தேதி இல்லாத படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரலாகாது.

இந்திய விமான வரலாறு பெரும்பாலும் பறந்தவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. மாருத்தின் கதை காட்டுவதுபோல், வராதவற்றை அறியாமல் வந்தவற்றின் குறைநிறையை எடைபோட முடியாது. பெங்களூரின் திட்ட வரைபடங்களும், குரோம்பேட்டை போன்ற கல்லூரிகளில் மாணவர் வரைந்த வடிவமைப்புகளும் தேதி, வரைந்தவர், நோக்கம் ஆகிய விவரங்களோடு பட்டியலிடப்பட்டு, ஆய்வாளர் பார்வைக்குத் திறக்கப்பட வேண்டும். பொறியியல் கல்லூரிகளும் விமானத் தொழில் நிறுவனங்களும் இதைத் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும்.